ரத்தம் வேண்டாம், நெஞ்செரிச்சல் தீர வேண்டும்

ஈப்போவில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 நோயாளிகளைப் பற்றி எஸ். ராஜேந்திரா, கே. குட்டி, என். கரீம் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தவரின் உணவுக்குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. இரைப்பை அமிலம் மேலேறி உண்டாக்கும் புண்ணும், அந்தப் புண் நாள்பட்டு உணவுக்குழாயின் உள்தோலையே மாற்றிவிடும் 'பாரெட்' நிலையும் இந்தியர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களுடையது. 1,000 பேரைச் சோதித்த அவர்களும், இந்தியராக இருப்பதே இந்த நோய்க்கான தனி ஆபத்துக் காரணங்களில் ஒன்று என்றார்கள்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர். சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1877இல் சிங்கப்பூர் வந்திறங்கிய 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை நட்ட ஊர் கோலகங்சார். அங்கே தொடங்கிய தொழில் தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது. தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் ஈப்போ புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியேறிவிட்டார்கள். அந்தத் தலைமுறையோடு சேர்ந்து வந்த இரண்டு உடல்நலக் குறைகளைத்தான் இந்தக் கட்டுரை ஒன்றாகப் பார்க்கிறது. ஒன்று நெஞ்செரிச்சல், இன்னொன்று ரத்தசோகை. ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் ஒருவர் அறுவை மேசைக்கு வரும்போது இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

நெஞ்செரிச்சலை நம் வீடுகளில் நோயாக எண்ணுவதில்லை. 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி, கடையில் வாங்கிய வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். விடிகாலையில் வெறும் வயிற்றில் ஈப்போ வெள்ளைக் காப்பி, பத்து மணிக்குச் சம்பல் வழியும் நாசி லெமாக், இரவு ஒன்பதரைக்குமேல் வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. இவை எதுவும் தனியாக நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் தளர்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் தூண்டுகோல்தான். உடல் பருமன் அதைவிடப் பெரிய தூண்டுகோல். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையில் இருந்தார்கள்.

சிலருக்கு அந்தத் தளர்ச்சி அதோடு நிற்பதில்லை. உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை அகன்று, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறிக்கொள்கிறது. மருத்துவர்கள் ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இதைத்தான். ஏறிய இரைப்பை ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானத்தின் விளிம்பில் உரசுகிறது. உரசும் இடத்தில் கோடு கோடாகப் புண் விழுகிறது. ஆலன் கேமரன் என்ற மருத்துவர் 1986இல் இதை விவரித்ததால் அந்தப் புண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் வலி தெரியாது, வாந்தியில் ரத்தம் வராது. மாதக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்து, ஒருநாள் மாடிப்படி ஏற முடியாமல் போகும்போதுதான் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7, 8 கிராம் என்று இறங்கியிருப்பது தெரியவரும்.

அப்போது மருத்துவமனையில் வழக்கமாகச் சொல்வது, “இரண்டு பை ரத்தம் ஏற்றிவிடலாம்.” அதற்கு “வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்?

மறுப்பவர்கள் யார்?

முதலில் நினைவுக்கு வருபவர்கள் யெகோவாவின் சாட்சிகள். ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நூல்களில் ரத்தத்தைப் பற்றி வரும் கட்டளைகளை அவர்கள் ரத்தம் ஏற்றுவதற்கும் பொருந்துவதாகக் கொள்கிறார்கள். அந்த அமைப்பு 1945 முதல் இந்த நிலைப்பாட்டில் இருக்கிறது. முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா ஆகியவற்றை ஏற்பதில்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைவுக் காரணிகள் போன்ற சிறு கூறுகளை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. மலேசியாவிலும் அவர்கள் உண்டு. தமிழ் பேசுகிறவர்களும் அவர்களில் உண்டு.

ஆனால் ரத்தம் ஏற்ற முடியாதவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் 100க்கு ஒருவருக்கும் குறைவு. இந்தியர்களிடம் ஏறத்தாழ 5 விழுக்காடு. ஆகவே இந்த நாட்டில் ஆர்.எச். நெகட்டிவ் தமிழர் ஒருவருக்கு அவசரத்தில் ரத்தம் தேடுவது எளிதல்ல. பம்பாயில் 1952இல் பெண்டேயும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்த 'பம்பாய் ரத்த வகை' உள்ளவர்களுக்கு ஓ வகை ரத்தம்கூடச் சேராது. அதுவும் இந்திய வம்சாவளியினரிடமே கூடுதலாகக் காணப்படுவது. முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியதால் எதிர்ப்பொருள் உருவாகி, எந்தப் பையும் பொருந்தாமல் போனவர்களும் இருக்கிறார்கள். சமயக் காரணத்தால் மறுப்பவருக்காக ஒரு மருத்துவமனை கற்றுக்கொள்ளும் எல்லாமே இவர்களுக்கும் பயன்படும்.

ரத்தம் இல்லாமல் பெரிய அறுவை முடியும் என்று முதலில் துணிந்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி. 1977இல் அவரும் டேவிட் ஆட்டும் வெளியிட்ட அறிக்கை, யெகோவாவின் சாட்சிகளுக்கு ரத்தம் ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தநாள அறுவைகளைப் பற்றியது. இதயத்தைத் திறந்தே அப்படிச் செய்ய முடிந்தது என்றால் இரைப்பையில் முடியாதா? முடியும். ஆனால் அதற்கு இரைப்பை அறுவையே மாற வேண்டியிருந்தது.

நிசனின் மடிப்பு

நெஞ்செரிச்சலுக்கான அறுவை ஒரு தற்செயலில் பிறந்தது. ருடால்ஃப் நிசன் 1896இல் பிறந்த ஜெர்மன் மருத்துவர். பெர்லினில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சாவர்புருக்கின் உதவியாளராக இருந்தவர். யூத வம்சாவளியினர் என்பதால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறினார். துருக்கி அவரை இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துக்கொண்டது. அங்கே 1936இல், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ஆழமான புண் உள்ள இளைஞர் ஒருவருக்கு அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, உணவுக்குழாயை இரைப்பையோடு இணைத்தார். தையல் பிரிந்துவிடக் கூடாதே என்று இரைப்பையின் மேற்பகுதியை இழுத்து அந்த இணைப்பைச் சுற்றி மடித்துத் தைத்தார். தோளில் கிடக்கும் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வதைப் போன்ற மடிப்பு அது.

தையல் பிரியவில்லை. அதோடு ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்த நோயாளிக்கு நெஞ்செரிச்சலே வரவில்லை என்பதை நிசன் கவனித்தார். இதற்கிடையே அவர் அமெரிக்காவுக்குப் போய், 1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு செலோஃபேன் தாள் சுற்றி அறுவை செய்திருந்தார். ஐன்ஸ்டைன் அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். பின்பு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குடியேறிய நிசன், 1955இல் முதன்முறையாக நெஞ்செரிச்சலுக்கென்றே அந்த மடிப்பைச் செய்து, அடுத்த ஆண்டு இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார். இன்று உலகம் முழுதும் செய்யப்படும் நிசன் ஃபண்டோப்ளிகேஷன் அதுதான். முழுச் சுற்றாக இல்லாமல் பின்பக்கம் முக்கால் சுற்று மடிக்கும் டூப்பே முறையும், முன்பக்கம் அரைச் சுற்று மடிக்கும் டோர் முறையும் 1960களின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து வந்தன.

நிசனின் காலத்தில் இதற்கு மேல்வயிற்றை நீளக் கிழிக்க வேண்டும். மடிப்பதற்கு இரைப்பையின் மேற்பகுதி தளர்வாக வர வேண்டும்; அதைப் பிடித்து வைத்திருப்பவை மண்ணீரலிலிருந்து வரும் சிறு ரத்தநாளங்கள். ஆழத்தில், கல்லீரலின் நிழலில், கை நுழையாத இடத்தில் இரைப்பையை இழுக்கும்போது மண்ணீரலின் மெல்லிய உறை கிழிந்துவிடும். மண்ணீரல் ரத்தத்தில் ஊறிய உறுப்பு. கிழிந்தால் தைத்து நிறுத்துவது கடினம். சில நேரம் மண்ணீரலையே எடுத்துவிட வேண்டிவரும். ரத்தம் மறுப்பவருக்கு இந்த அறுவையில் உண்மையான அச்சம் அந்த ஒரு மூலையில்தான் இருந்தது.

மலாயாவில் அந்த மூலைக்குத் தனி வரலாறும் உண்டு. மலேரியா மலிந்திருந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணித்தான் ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். இன்று மலேரியாவின் இடத்தில், அதேபோல் மண்ணீரலை வீங்கவைக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் இருக்கிறது. மண்ணீரல் பெரிதாக இருக்கிறதா என்று அறுவைக்கு முன் ஸ்கேனில் பார்ப்பது இந்த நாட்டில் வெறும் சடங்கு அல்ல.

ஐந்து துளைகள்

1991இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்னார்ட் டால்மாய்ன் இந்த மடிப்பை லேப்பரோஸ்கோப்பி மூலம் செய்து காட்டினார். ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஐந்து துளைகள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி ஊதவைத்து, கேமராவை நுழைத்து, நீண்ட மெல்லிய கருவிகளால் உள்ளே வேலை நடக்கும்.

ரத்தம் மறுப்பவருக்கு இந்த மாற்றம் ஏன் பெரியது? வெட்டுக்காயம் சிறியது என்பது ஒரு காரணம், ஆனால் அது முக்கியக் காரணம் அல்ல. கேமரா, திரையில் ரத்தநாளத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. வெட்டுவதற்கு முன்பே அதைக் காண முடிகிறது. வாயுவின் அழுத்தம், வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம், சின்னஞ்சிறு சிரைகளை அமுக்கிக் கசிவைக் குறைக்கிறது. இரைப்பையை முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியதில்லை. ஒலியதிர்வுக் கத்தி ரத்தநாளத்தை முதலில் மூடி, பிறகு வெட்டுகிறது. முன்பு இருட்டில் கைதொட்டுச் செய்த அந்த மண்ணீரல் மூலை இப்போது வெளிச்சத்தில் இருக்கிறது. பழகிய கைகளில் ரத்த இழப்பு பெரும்பாலும் 50 மில்லிலிட்டரைத் தாண்டுவதில்லை. திறந்த அறுவையில் அச்சமாக இருந்த மண்ணீரல் காயம் அரிதாகிவிட்டது.

ஆனால் ஆபத்து மறைந்துவிடவில்லை. முதல் துளை போடும்போதே பெரிய ரத்தநாளம் குத்துப்படுவது மிக அரிது என்றாலும் நேர்ந்திருக்கிறது. அதனால் பலர் ஊசியைக் கண்மூடிச் செலுத்தாமல், தொப்புள் அருகே சிறிதாகத் திறந்து பார்த்தே நுழைகிறார்கள். சிலருக்குக் கல்லீரலுக்குப் போகும் தமனி வழக்கத்துக்கு மாறாக, வெட்ட வேண்டிய சவ்வுக்குள்ளேயே ஓடும். ரத்தம் பீறிட்டால் கேமரா குருடாகிவிடும். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். “நேரம் வந்தால் நான் தயங்காமல் திறப்பேன், அதற்குச் சம்மதமா?” என்பதை அறுவை மருத்துவர் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மறுப்பவருக்கு அறுவை செய்கிறவர் மற்ற நோயாளிகளுக்குச் செய்வதைவிடச் சீக்கிரமாகவே அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த நுட்பம் நம்மவர்களுக்கு அந்நியமானது அல்ல. கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய சி. பழனிவேலு, லேப்பரோஸ்கோப்பி உலகம் அறிந்த பெயர். உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் 130 பேரைக் குப்புறப் படுக்கவைத்து நுண்துளை வழியே அறுவை செய்த அவருடைய 2006ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பிற நாட்டு மருத்துவர்கள் பாடமாகவே படித்தார்கள். நாமக்கல் பகுதி ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் மலேசியாவில் தோட்ட வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி, விட்ட படிப்பைப் பிடித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். பேராக்கில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

கத்திக்கு முந்திய மாதங்கள்

இவ்வளவு சொன்ன பிறகும், ரத்தம் மறுப்பவரைக் காப்பாற்றுவது கேமராவும் கத்தியும் அல்ல. அறுவைக்கு முந்திய இரண்டு மூன்று மாதங்கள்தான். நெஞ்செரிச்சல் அறுவை அவசர அறுவை அல்ல. மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம். விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்தில் ரத்தம் கொட்டும் தாய்க்கும் கிடைக்காத அவகாசம் இவருக்கு இருக்கிறது. அந்த அவகாசத்தை வீணாக்கினால் அது மருத்துவத்தின் தவறு.

கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ 4 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எதிர்பாராமல் ஒரு லிட்டர் போய், அந்த இடத்தை உப்புநீரால் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 13இல் தொடங்கியவர் 10க்குச் சற்றுக் கீழே வந்து நிற்பார். களைப்பு இருக்கும், உயிருக்கு ஆபத்து இருக்காது. 9இல் தொடங்கியவர் 7க்கும் கீழே போய்விடுவார். ஜெஃப்ரி கார்சன் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் இறங்கியும் ரத்தம் ஏற்ற மறுத்த 300 பேரைப் பற்றியது. 7க்கும் 8க்கும் இடையில் நின்றவர்களில் யாரும் இறக்கவில்லை. 4க்கும் 5க்கும் இடையில் போனவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அதே லிட்டர் ரத்தம்தான். எங்கே தொடங்கினார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதே 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை. தோட்டக் காலத்தில் கொக்கிப்புழுவும் மலேரியாவும் ரத்தத்தைக் குடித்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் கொடுத்த மருந்தே கதி. இன்று காரணம் வேறு. அதிக மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், இறைச்சியும் கீரையும் குறைந்த தட்டு, சோற்றோடு சேர்ந்து இரும்புச் சத்தைத் தடுக்கும் தே. நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். பெரிய ஹெர்னியா இருந்தால் கேமரன் புண்ணின் கசிவும் சேர்ந்துகொள்கிறது. மெலிந்து வெளுத்த பாட்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வெளுப்பு நோயாகவே தெரிவதில்லை.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு அல்ல. சிவப்பணு சிறியதாக இருப்பதைப் பார்த்ததும் இரும்பு மாத்திரை எழுதிவிடுவது இந்த நாட்டில் தவறாகலாம். தலசீமியா மரபணு உள்ளவருக்கும் அப்படித்தான் இருக்கும், அவருக்கு அந்த இரும்பு பயன்படாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் எல்லாம் பார்த்த பிறகே மருந்து. இரும்புக் குறைவு என்று உறுதியானால் மாத்திரையில் ஹீமோகுளோபின் மாதத்துக்கு ஒன்றிரண்டு கிராம் ஏறும். அவகாசம் குறைவு என்றால் நரம்பு வழியாக இரும்பு செலுத்தலாம். தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி. இந்த ஊசியின் சில வகைகளில் மனித ஆல்புமின் கலந்திருக்கும். சாட்சிகள் சிலர் அதை ஏற்பதில்லை. குப்பியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அவரிடம் கேட்டே போட வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்தை இந்த மருந்து கூட்டும் என்பதால் கால் வீக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

கடைசி வாரத்தில் இரும்பை ஏற்றி ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை தகாது. பெரிய வயிற்று அறுவைக்கு முன் ரத்தசோகை உள்ள 487 பேரிடம் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வந்தது. அறுவைக்கு 10 முதல் 42 நாள் முன்பு நரம்பு வழி இரும்பு கொடுத்ததில் ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் ரத்தம் ஏற்றும் தேவையோ இறப்போ குறையவில்லை. அவசரமில்லாத அறுவையில், நாள் குறித்த பிறகு ரத்தத்தைச் சரிசெய்யக் கூடாது. ரத்தம் சரியான பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

இன்னும் சிறு விஷயங்கள் உண்டு, ஒவ்வொன்றும் சில மில்லிலிட்டர் மிச்சப்படுத்தும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை நிறுத்தலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்பது. மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு லேகியம் எதையும் மறைக்காமல் சொல்வது. பரிசோதனைக்குக் குழந்தைகளின் சிறிய குழாயில் ரத்தம் எடுப்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனைக்கென்றே ஒரு நோயாளியிடம் நாளொன்றுக்குச் சராசரி 41 மில்லிலிட்டர் எடுத்தார்கள் என்று 2002இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் உலகுக்கு அறிவித்த டிரனெக்ஸாமிக் அமிலம், விலை மலிவான மருந்து. இதயம் அல்லாத அறுவைகளில் 9,535 பேரிடம் நடந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில் ரத்தப்போக்கை 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1ஆகக் குறைத்தது.

சட்டம் சொல்வது

1979இல் கனடாவின் ஒன்டாரியோவில் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்த ஒரு பெண்ணின் பையில், ரத்தம் ஏற்ற வேண்டாம் என்ற அட்டை இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தும் ரத்தம் ஏற்றினார், அவர் பிழைத்தார், வழக்குத் தொடுத்தார். 20,000 டாலர் இழப்பீடு சரியே என்று 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. மேலெட் எதிர் ஷுல்மன் என்ற அந்தத் தீர்ப்பை உலகெங்கும் மருத்துவச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

மலேசிய மருத்துவ மன்றத்தின் சம்மதம் பற்றிய வழிகாட்டியும் அதே திசையில்தான் நிற்கிறது. மனத்தெளிவுள்ள, 18 வயது நிரம்பிய நோயாளி எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். அவர் தெளிவாக எழுதிவைத்ததை மருத்துவர் மதிக்க வேண்டும். பிள்ளைகளின் நிலை வேறு. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்கீழ், உடனடி ஆபத்து என்று மருத்துவர் எழுத்தில் உறுதி சொன்னால், பெற்றோர் நியாயமின்றி மறுத்தாலும் சமூகநலப் பாதுகாவலர் சிகிச்சைக்கு அனுமதி தர முடியும்.

காகிதத்தில் கையெழுத்து வாங்குவதைவிட முக்கியமானது அதற்கு முந்திய பேச்சு. சிறு கூறுகளில் எதை ஏற்பார், எதை மறுப்பார்? மனித பிளாஸ்மாவிலிருந்து செய்யும் ரத்தத்தடுப்புப் பசையைத் தடவலாமா? வயிற்றில் சிந்திய ரத்தத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்து உடலோடு தொடர்பு அறாத குழாய் வழியே திரும்பச் செலுத்தும் இயந்திரத்துக்குச் சம்மதமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் வேண்டும். அந்தப் பேச்சின் ஒரு பகுதியிலாவது உறவினரும் சபைக்காரர்களும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். நோயாளி தம் வாயால், தம் விருப்பத்தால் சொல்கிறாரா என்று தெரிய வேறு வழியில்லை. ரத்தம் ஏற்றாவிட்டால் இறக்க நேரலாம் என்பதை மழுப்பாமல் சொல்வதும், அந்த முடிவுக்காக அவரைக் கேவலமாக நடத்தாமல் இருப்பதும் ஒரே மருத்துவரின் கடமைகள். அந்த அறுவைக்கு மனம் ஒப்பாத மருத்துவர், வேறொருவரிடம் நேர்மையாக அனுப்பிவைத்தால் போதும்.

எல்லாருக்கும் உரியது

மறுப்பவர்களுக்காகக் கற்ற இந்தப் பாடங்களை ஏன் அவர்களோடு நிறுத்த வேண்டும்? மேற்கு ஆஸ்திரேலியா 2008இல் இதையே அரசுத் திட்டமாக்கியது. நான்கு பெரிய மருத்துவமனைகளில் 2014 வரை சேர்ந்த 6,05,046 நோயாளிகளின் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள். ஏற்றிய ரத்தம் 41 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனை இறப்பும் குறைந்தது. ரத்தமேற்றுவதைச் சிக்கனமாக்கி, நோயாளியின் சொந்த ரத்தத்தைப் பேணும் இந்த முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் தீர்மானமாகவே நிறைவேற்றியது. 2021இல் இனியும் தாமதிக்கக் கூடாது என்று மீண்டும் வலியுறுத்தியது.

பேராக்கில் அதற்கான முதல் படிக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வரை போக வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில், ரத்தப் பரிசோதனை முடியும். நெஞ்செரிச்சல் என்று வரும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாத்திரை எழுதும்போதே ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டால், பல ஆண்டுக் கசிவு ஒரு காலையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

யாருக்கெல்லாம் அறுவை தேவை என்பதிலும் நிதானம் வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை முறையாகச் சோதித்தபோது 78 பேர் மட்டுமே அறுவையா மருந்தா என்று ஒப்பிடும் தகுதிக்குத் தேறினார்கள். மற்றவர்களில் சிலருக்கு மாத்திரையைச் சரியான நேரத்தில் சாப்பிட்டதே போதுமாக இருந்தது. பலருக்கு நோயே வேறு. அந்த 78 பேரில் அறுவை செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. கூடுதல் மருந்து பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கே. 2019இல் வந்த இந்த முடிவு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தகுந்தவருக்கு அறுவை மிக நல்லது, தகுந்தவர்கள் குறைவு. அமில அளவை 24 மணி நேரம் பதிவுசெய்வதும் உணவுக்குழாயின் அழுத்தத்தை அளப்பதும் இல்லாமல் யாரும் மேசையில் ஏறக் கூடாது. ரத்தம் மறுப்பவருக்கோ, பெரிய ஹெர்னியா கசிந்துகொண்டே இருக்கும்போது, அறுவை செய்யாமல் இருப்பதும் ஆபத்துத்தான். கசிவின் ஊற்றை அடைத்தால்தான் ஏற்றிய இரும்பு தங்கும்.

அறுவை முடிந்தபின் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். முதல் சில வாரம் கஞ்சி, ரசம், நன்றாக மசித்த சோறு; ரொட்டி சானாயும் இறைச்சித் துண்டும் தொண்டையில் நிற்கும். மடிப்பின் வீக்கம் வற்றும் வரை விழுங்கச் சிரமம் இருப்பது இயல்பு. ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும், குளிர்பானத்தைத் தொடக் கூடாது. பால் வாளி தூக்கிப் பழகிய கைகள் ஒன்றரை மாதமாவது கனம் தூக்காமல் இருக்க வேண்டும். வயிற்றுவலி கூடினாலோ, தலைசுற்றி நாடி வேகமாக ஓடினாலோ, ரத்தம் மறுத்தவர் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே திரும்பி வர வேண்டும். இரும்பு மாத்திரையை, ஃபெரிட்டின் நிறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை, நெஞ்செரிச்சல் போன பிறகும் தொடர வேண்டும்.